கிணற்றுக்காரியின் கன்னம்

அரக்குச் சிவப்புப் பட்டுத் துணியை மேசையில் விரித்து, சாக்குக்கட்டியால் கை வளைவு போட்டு, கத்தரிக்கோலை வாய் திறந்து வைத்த நொடியில்தான் விசாலாட்சி கடைக்குள் நுழைந்து, "வெட்டாத செல்வி, நிறுத்து" என்றாள்.

சகாயசெல்வி நிறுத்தினாள். வெட்டிய துணி யார் சொன்னாலும் ஒட்டாது என்பது தையல்காரிக்குத் தெரிந்த முதல் வேதம். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்ததும் முகூர்த்தம் என்று பேச்சு. கூறைப் புடவையும் ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்பதால் மாப்பிள்ளையின் தாயான விசாலாட்சிதான் போன வாரம் துணியைக் கொண்டுவந்து கொடுத்து, முந்தானைக்கு எந்தக் குஞ்சம் என்பது வரை பேசிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏன்க்கா, அளவு மாறிட்டா?"

"அளவு மாறல. என் மனசுதான் ஒரு நிலையில இல்ல." விசாலாட்சி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏழு வாரமா அந்தப் படத்தைப் பாக்குறேன். கன்னத்துல கறுப்பு உள்ளவ அரமனைக்குள்ள காலை வச்சா, ராஜா படுத்த படுக்கை ஆயிட்டான். அவ படகேறிப் போன பெறகுதான் எழுந்து கஞ்சி குடிக்கிறான். பொண்ணு சந்திரமதி கன்னத்துலயும் கறுப்பு இருக்கு. என் ஒத்தப் பிள்ளை வீட்டுக்குள்ள அதை எப்படிம்மா கூட்டியாறது?"

செல்வி கத்தரிக்கோலை மூடினாள். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஏழு வாரமாக வந்துகொண்டிருந்த சிரிப்புதான் அது. இன்றைக்கு வரவில்லை.

அந்தப் படம் இந்தத் தீவின் ஜங்லிகாட்டுக்கு வந்த கதை ஒன்றும் பெரிதல்ல. சர்க்கார் ஆபீஸ் ஒன்று வேனும் மெஷினும் வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் மைதானத்தில் படம் காட்டும். அணைக்கட்டு, அம்மை ஊசி, நெல் நாற்று நடும் முறை, இப்படி. ஒரு கப்பலில் எப்படியோ வழி தவறி ஒரு பெட்டி வந்து இறங்கியது. திறந்தால் கார்ட்டூன் படம். ஏதோ குளிர் தேசத்து ராஜா ராணிக் கதை. மனிதர்களை எல்லாம் வரைந்தே ஆட்டி வைத்திருந்தார்கள். பேச்சு எந்த ஊர்ப் பாஷை என்று கலெக்டர் பங்களா சமையற்காரனுக்குக்கூடத் தெரியவில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டிய கப்பல் ரிப்பேருக்குப் போய்விட்டது. வேறு படமும் வர வழியில்லை. ஆகவே சனிக்கிழமை வந்தால் முதலில் அணைக்கட்டு, பிறகு கிணற்றுக்காரி. ஏழு வாரமாக அதே அணைக்கட்டு, அதே கிணற்றுக்காரி.

கதை இவ்வளவுதான். ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு மகள். அரண்மனைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஒரு பெண். ராஜா மகளின் வெள்ளி மணி கிணற்றில் விழுகிறது. கிணற்றுக்காரி குதித்து எடுத்து, உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ராஜா நோயில் விழுகிறார். ஒரு விடியற்காலையில் கிணற்றுக்காரி கயிற்றைக் கையில் பிடித்தபடி அரண்மனை ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறாள். படம் முழுக்கக் காடும் இருட்டும்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சம் பளீரென்று அடிக்கும், அவள் முகம் திரை நிறைய வந்து அசையாமல் நிற்கும். அப்போது அவள் கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு தெரியும். மற்ற நேரம் தெரியாது. பிறகு அவள் படகில் ஏறிப் போய்விடுவாள். ஏன் போனாள் என்பது அந்தப் பாஷை தெரிந்தவனுக்கு வெளிச்சம்.

பாஷை தெரியாதவர்களுக்கு ஊக்கம் அதிகம். இரண்டாம் வாரமே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. முடிவெட்டுகிற அல்போன்ஸ், கிணற்றுக்காரி ஒருத்தி இல்லை, இரட்டைப் பிறவி என்று கண்டுபிடித்தான். திரைக்கு முன்னால் உட்காருகிற ஆண்களுக்குக் கறுப்பு இடது கன்னத்தில் தெரிகிறது, பின்னால் உட்காருகிற பெண்களுக்கு வலது கன்னத்தில் தெரிகிறது, ஆகையால் இரண்டு பெண்கள். தினமும் கண்ணாடிக்கு முன்னால் ஆளை உட்கார்த்தி வைத்து முடிவெட்டுகிறவனுக்கு, துணிக்குப் பின்பக்கம் போனால் இடம் வலமாகும் என்பது எட்டவில்லை. ஆபீஸ் கிளார்க் கிருஷ்ணமூர்த்தி படித்தவர். அவர் கிணற்றுக்காரி உயிரோடு இருக்கும் பெண்ணே அல்ல, செத்துப்போன ராணியின் ஆவி என்றார். ஆவிக்கு எதற்குக் குடம் என்று கேட்டதற்கு, அதெல்லாம் உட்பொருள், உங்களுக்குப் புரியாது என்றார். படித்தவன் பொய் சொன்னால் அதற்கு உட்பொருள் என்று பெயர்.

விசாலாட்சியின் கண்டுபிடிப்பு எல்லாவற்றையும் மிஞ்சியது. அந்தக் கறுப்பு மச்சமுமில்லை, மருவுமில்லை. கண்ணேறு போடுகிற நேரத்தில் மட்டும் மேலே கிளம்பி வருகிற கறை. ஜன்னலைப் பார்க்கும்போது ஏன் வருகிறது? மேலே ராஜா படுத்திருக்கிறார். அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் இதை விசாலாட்சி சொன்னபோது தெலுங்குக்காரிகளும் பெங்காலிக்காரிகளும் குடத்தை இறக்கி வைத்துக் கேட்டார்கள். புருஷன் போனபின் பதினோரு வருஷமாக அவள் பேச்சை யாரும் குடத்தை இறக்கி வைத்துக் கேட்டதில்லை. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு சாமி என்று கப்பலிலிருந்து கொட்டிவைத்த ஜனங்களுக்குப் பொதுவாகப் பேச ஒரு செத்த தாத்தா கிடையாது, ஒரு பழைய சண்டை கிடையாது. கிணற்றுக்காரி கிடைத்தாள். விடுவார்களா?

செல்வி இவர்களை எல்லாம் எப்படிப் பார்த்தாள் என்றால், மீன் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஊரே நாறுகிறது என்று சத்தம் போடும் பூனையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஏனென்றால் அந்தக் கறுப்பு என்ன என்று இந்தத் தீவில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

திரைத் துணியைத் தைத்தது அவள். பன்னிரண்டு கஜம் லாங்கிளாத்தை மூன்று பட்டையாக வெட்டி இணைத்து, ஓரம் மடித்து, கயிறு கோக்க வளையம் வைத்துக் கொடுத்தவள். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும் என்பதால் மாதம் ஒரு தடவை துவைத்து இஸ்திரி போடுகிற வேலையும் அவளுடையதே. இந்தப் படம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு நாள், இஸ்திரிப் பெட்டியின் மூடி நழுவி, கங்கு ஒன்று துணியில் விழுந்தது. எடுப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சர்க்கார் துணி. ஆஸ்பத்திரித் திரைச்சீலை, ஸ்கூல் கொடி, எல்லாத் தையலும் அதே ஆபீஸ் வழியாகத்தான் அவளுக்கு வருகிறது. புருஷன் செபஸ்தியான் லாஞ்சில் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலில். அவள் யாரிடமும் மூச்சு விடாமல் முரட்டுக் காடாத் துணியில் ஒரு துண்டு வெட்டி, பொடித் தையலில் ஒட்டுப் போட்டுவிட்டாள். பகல் வெளிச்சத்தில் இரண்டும் வெள்ளைதான். மெஷின் வெளிச்சம் பட்டால் லாங்கிளாத் பளீரென்று ஏந்திக்கொள்ளும், காடா குடித்துவிடும்.

அணைக்கட்டுப் படத்தில் நீல ஆகாயம் வரும்போது அதே இடத்தில், அதே அளவில், அந்தக் கறை நிற்கிறது. ஏழு வாரமாக நிற்கிறது. ஆகாயத்தில் ஏன் கறுப்பு என்று கேட்க ஒரு கண் இல்லை. ஆகாயத்தைப் பற்றி இவர்களுக்கு என்ன கவலை? ஒரு பெண்ணின் கன்னம் என்றால் இருநூறு கண்ணும் அங்கேதான்.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவளுக்குத் தனியாகச் சிரிப்பு வரும். "என்ன?" என்பான் செபஸ்தியான். "ஒண்ணுமில்ல, பொழுதுபோவுது" என்பாள். மற்றவர்களுக்கு ஒரு படம், அவளுக்கு இரண்டு.

இப்போது அந்த இரண்டாவது படத்தில் சந்திரமதி வந்து நின்றுவிட்டாள்.

விசாலாட்சி போன மறுநாள் புதன்கிழமை. சௌல்தாரியிலிருந்து பஸ்ஸில் காய்கறிக் கூடைகளோடு வந்து இறங்குகிற நாள் சந்திரமதிக்கு. அவளுடைய அப்பா கோவிந்தராஜ் அங்கே சர்க்கார் கொடுத்த நிலத்தில் பயிர் வைத்திருந்தார். கூடை இரண்டையும் சந்தையில் விற்று முடித்துவிட்டு அவள் கடை வாசலில் வந்து நின்றாள். வலது கன்னத்தில், காதுக்குக் கீழே, கறுத்துச் சுருங்கிய தோல். நாலு வயதில் குடும்பத்தோடு கப்பலில் வரும்போது அலை புரட்டியதில் கொதிக்கிற கஞ்சித் தூக்கு கவிழ்ந்து வந்த தழும்பு. அந்தக் கப்பலில் வந்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். விசாலாட்சியும் அதே கப்பல்தான். கஞ்சி பட்ட இடத்தில் மேல்தட்டிலிருந்து மாவு வாங்கிவந்து அப்பியவளே அவள்தான்.

"ஜாக்கெட் வெட்டியாச்சாக்கா?"

செல்வி ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தாள். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

"வெட்டல. தெரியும்." சந்திரமதி கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "பஸ்ல ஒரு பெங்காலி அம்மா என் தாடையைப் புடிச்சுத் திருப்பிப் பாத்துட்டு, 'கூவாவாலி, கூவாவாலி'ன்னு பக்கத்துல இருக்கிறவகிட்டக் காட்டுறா. கெணத்துக்காரியாம்."

"நீ என்ன சொன்ன?"

"'ஹாங் ஜி, பானி சாயியே க்யா'ன்னேன். ஆமாங்க, தண்ணி வேணுமான்னு."

செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். சந்திரமதி சிரிக்கவில்லை.

"மாப்பிள்ள பன்னீரு என்ன சொல்லுதான்?"

"அவங்க அம்மா சொல்றதைத் தலையாட்டிக் கேக்குறாரு. நான் சொல்றதையும் தலையாட்டிக் கேக்குறாரு. அப்புறம் டியூட்டிக்கு நேரமாச்சுன்னு சைக்கிள்ல ஏறிடுறாரு." அவள் சேலைத் தலைப்பால் கூடையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். "எங்கப்பா பந்தக்காலுக்கு மூங்கில் வெட்டி வச்சிட்டாருக்கா. சௌல்தாரி பூரா சொல்லியாச்சு. இது நின்னுச்சுன்னா, அடுத்து எவன் வந்தாலும் ஏன் நின்னுச்சுன்னுதான் மொதல்ல கேப்பான். அந்தக் கெணத்துக்காரிக்காவது கடைசியில ஒரு படகு இருக்கு."

"சனிக்கிழமை படத்துக்கு வா."

"நானா? எதுக்கு, பக்கத்துல நிறுத்தி ஒப்பிட்டுப் பாக்கவா?"

"வாட்டீ. வந்து தூர உக்காந்துக்க."

அவள் போனபிறகு செல்வி தையல் மெஷின்மேல் கையை வைத்தபடி இருந்தாள். இந்த முட்டாள்களைப் பார்த்து ஏழு வாரம் சிரித்தாயே, இரண்டாம் வாரமே வாயைத் திறந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று ஒரு குரல் கேட்டது. வேலை போயிருக்கும் என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். அது உண்மை. முழு உண்மை அல்ல. அவர்கள் முட்டாள்களாகவே இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு, விசாலாட்சி வீடு இருக்கிற டெய்ரி ஃபார்ம் பக்கம் ஏறினாள். விசாலாட்சி வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். செல்வி சுற்றி வளைக்கவில்லை. கங்கு விழுந்தது, ஓட்டை, காடாத் துண்டு, எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அது என் ஒட்டுத்தான்க்கா. படத்துல ஒண்ணும் கெடையாது. அவ கன்னம் சுத்தமாத்தான் இருக்கு. கிளார்க் சாருக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை போவும், தெரிஞ்சேதான் உங்ககிட்டச் சொல்லுதேன்."

விசாலாட்சி கருவாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் விரிந்தது. ஒரு நிமிஷம் செல்விக்கு நம்பிக்கை வந்தது.

"பன்னெண்டு கஜம் துணி," என்றாள் விசாலாட்சி மெதுவாக.

"ஆமா."

"பன்னெண்டு கஜத்துல அந்த நெருப்பு விழ வேற இடமே இல்லையா?"

"அக்கா..."

"படம் வர்றதுக்கு முன்னாடியே விழுந்துருக்கு. எங்க விழுந்துச்சு? சரியா அவ கன்னம் வந்து நிக்கிற எடத்துல. மேல ஒரு சாண் இல்ல, கீழ ஒரு சாண் இல்ல. அதுக்கு என்ன சொல்ற?"

"அதுக்கு என்னத்தச் சொல்ல? எங்கயாவது விழத்தானே செய்யும்!"

"நீ நல்லவ செல்வி. அதான் தெய்வம் உன் கையால காட்டியிருக்கு." விசாலாட்சி கருவாட்டு வாசனையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை வந்து சொன்ன. எனக்கு அரை மனசு சந்தேகம் இருந்துச்சு. இப்பப் போயிடுச்சு."

"நெருப்ப விடுங்க. கஞ்சி கொட்டினப்ப மாவு அப்புனது நீங்கதான? அது கஞ்சின்னு உங்களுக்கே தெரியாதா?"

"தெரியும். அப்ப எனக்குத் தெரிஞ்சது கஞ்சி மட்டுந்தான்."

செல்வி இறக்கத்தில் இறங்கி வரும்போது காறித் துப்பினாள். பொய்யை உடைக்கக் கல்லை எடுத்துக்கொண்டு போனால், அந்தக் கல்லையும் வாங்கித் தன் சுவரில் வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது குழாயடி முழுக்கப் பரவியது. அல்போன்ஸ் சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "மாதாதான் செல்வி அக்கா கையில நெருப்ப வச்சுக் காட்டியிருக்கா" என்று ஞானஸ்நானமும் செய்து வைத்துவிட்டான். கிருஷ்ணமூர்த்தி மட்டும் நம்பவில்லை. அவர் கொடுத்து வாங்கிய சர்க்கார் துணியில் ஓட்டை இருக்க முடியாது, ரிஜிஸ்டரில் 'நல்ல நிலை' என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆக, ஒட்டு இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு அது தெய்வச் செயல், தெய்வச் செயல் இல்லை என்றவருக்கு ஒட்டே இல்லை.

சனிக்கிழமை நாலரை மணிக்கே வெயில் மஞ்சளித்துவிட்டது. இந்தத் தீவில் சூரியனுக்கு அவசரம் அதிகம், ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. மேட்டில் வேனை நிறுத்தி அதன் கூரையில் மெஷினை ஏற்றியிருந்தார்கள். கீழே மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே துணியைக் கட்டினார்கள். வளையங்கள் சரியாக இருக்கின்றனவா என்று செல்வி வந்து பார்ப்பது வழக்கம். அன்றும் வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். வளையத்துக்குப் பக்கத்தில் அல்ல, துணியின் நடுவில்.

"என்ன செல்வி, அங்க என்ன வேலை?" என்றார் கிருஷ்ணமூர்த்தி கீழேயிருந்து.

"நூல் தொங்குது சார்."

"பார்த்து. சர்க்கார் துணி."

"பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

அவள் இடுப்பிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, தன் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். தன் வேலை எவ்வளவு நறுவிசு என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பிரிக்க மனம் வராத தையல். கடைசி நூல் அறுந்ததும் காடாத் துண்டு கையோடு வந்தது. அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு இறங்கினாள். ஓட்டை வழியாக ஆகாயம் தெரிந்தது. கிருஷ்ணமூர்த்தி ஆகாயத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை.

பெண்கள் பக்கம் பாய்கள் விரிந்தன. விசாலாட்சி வழக்கமான இடத்தில், நட்ட நடுவில். அவளைச் சுற்றிக் குழாயடி மொத்தமும். சந்திரமதி ஓரத்தில், வேலியை ஒட்டி, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். வந்துவிட்டாள். அது போதும். மாப்பிள்ளை பன்னீர்செல்வம் ஆண்கள் பக்கம் எங்கேயோ தலையாட்டிக்கொண்டிருப்பான். செல்வி பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால், ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றாள். ஓட்டையை எல்லோரும் பார்ப்பார்கள், துணி என்று புரிந்துகொள்வார்கள், அதற்குமேல் அவள் ஒன்றும் நினைத்திருக்கவில்லை.

அணைக்கட்டு ஓடியது. பெண்கள் வழக்கம்போலத் திரைக்கு முதுகைக் காட்டி வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகாயத்தில் ஓட்டை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தூ, என்று நினைத்துக்கொண்டாள் செல்வி.

காடு வந்தது. மணி விழுந்தது. ராஜா படுத்தார். கிணற்றுக்காரி விடியலில் வந்து கயிற்றைப் பிடித்து அண்ணாந்தாள். பளீரென்று வெளிச்சம்.

ஆண்கள் பக்கம் ஒரு விசில். பிறகு யாரோ கத்தினான்: "அரே, பர்தா ஃபட் கயா! துணி கிழிஞ்சிருக்குடோய்!" சிரிப்பு அலையாகப் புரண்டது. "அல்போன்ஸு, எந்தக் கன்னத்துலடா ஓட்டை?" என்றது ஒரு குரல். "என் துணி! என் துணி!" என்று மேட்டிலிருந்து கிருஷ்ணமூர்த்தி ஓடிவந்தார். டார்ச்சின் வெளிச்சம் நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் ஆடியது.

பெண்கள் பக்கம் சிரிப்பு இல்லை. செல்வி அப்போதுதான் பார்த்தாள். மேட்டிலிருந்து சரிந்து வந்த வெளிச்சம் ஓட்டை வழியாக நுழைந்து, ஆள் தலைகளுக்கு மேலாக நீண்டு இறங்கி, கூட்டத்தின் நடுவில் ஒரே ஒரு முகத்தில் விழுந்திருந்தது. உள்ளங்கை அகலம். வரைந்த தோலின் இளஞ்சிவப்பு. கிணற்றுக்காரியின் கன்னத்தில் இல்லாமல் போன துண்டு முழுசாக விசாலாட்சியின் வலது கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். தெலுங்குக்காரி ஒருத்தி பாயோடு ஒரு முழம் நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். ஏழு வாரம் குடத்தை இறக்கி வைத்துக் கேட்ட ஜனம் விசாலாட்சியைச் சுற்றி வட்டமாக விலகியது.

"என்னடி? எதுக்குடி எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?"

அவள் கண் கூசித் தலையைத் திருப்பினாள். கன்னத்தில் ஏதோ இருப்பது அடுத்தவர்கள் முகத்திலிருந்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையை எடுத்துத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். காற்றில் துணி அசைய, வெளிச்சமும் அசைந்து அசைந்து அதே இடத்துக்கு வந்தது.

வேலி ஓரத்திலிருந்து சந்திரமதி எழுந்தாள். தலைப்பை இறக்கிவிட்டுக்கொண்டு, விலகிய வட்டத்துக்குள் நடந்து வந்தாள். விசாலாட்சிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

"அது போவாது மாமி. உங்க மேல இல்ல, அங்க இருந்து வருது" என்று திரையைக் காட்டினாள்.

விசாலாட்சி திரையைப் பார்க்கவில்லை. கன்னத்திலிருந்து கையை எடுத்து விரித்தாள். இப்போது அது உள்ளங்கையில் இருந்தது. கையைத் திருப்பினாள், புறங்கையில் இருந்தது. மறுபடியும் திருப்பினாள். திரையில் கிணற்றுக்காரி படகில் கால் வைத்தாள், காடு இருண்டது, விசாலாட்சியின் கையில் இருந்த சிவப்பு மெல்ல மெல்லப் பச்சையாகிக்கொண்டிருந்தது.